எழுபத்திரண்டு பாயிண்ட்

முதலாவது, நாற்காலி. பேச்சுவார்த்தைக்கு வரச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் நாற்காலி போட்ட தொழிற்சாலை நிர்வாகம் தொழிலாளர் சங்கம் நடத்தும் நஞ்சப்பனுக்கு மட்டும் போடாமல் விட்டது, நின்றுகொண்டே பேசினார். இரண்டாவது, மனு. தொழிலாளர் அலுவலகத்தில் அவர் கொடுத்த மனுவைத் தொலைத்துவிட்டு, தொலைந்துபோனதாக எழுதிக் கொடுங்கள் என்று அவரிடமே கேட்டார்கள். மூன்றாவது, சங்கத்தின் மாநிலத் தலைவர். கேட்டில் ஆட்கள் உண்ணாவிரதம் இருக்கையில் ஓட்டல் அறையில் போனஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பல் குத்திக்கொண்டே காரிலிருந்து இறங்கி, "வெற்றி தோழர்" என்றார். நான்காவது, கதவடைப்பு. ஐந்தாவது, எட்டுப் பேர் பின்வாசல் வழியாகப் போய், இனி ஒழுங்காக இருப்போம் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்த நன்னடத்தை உறுதிமொழி. ஆறாவது, இதோ எதிரில் உட்கார்ந்திருக்கும் இந்தக் கம்ப்யூட்டர். நஞ்சப்பன் வரிசை தவறமாட்டார். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் கெட்ட வார்த்தை வரும். அவருக்கு வரிசை வரும். ஒன்று இடம் மாறிவிட்டால் மறுபடியும் நாற்காலியிலிருந்து ஆரம்பிப்பார். இன்று காலையிலிருந்து நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே வேறொன்று தலையை நீட்டிக்கொண்டே இருக்கிறது. அதை முழங்கையால் தள்ளிவிட்டு ஐந்துக்குப் போய்விடுகிறார். போய், மவுஸை இரண்டு முறை அழுத்துகிறார். நோட்டீஸ் போடும் அந்தப் பழைய மென்பொருளின் முகப்புப் படம் திரையில் வருகிறது, ஏதோ எழுத்துகள் வேகமாக ஓடுகின்றன, இந்தத் தடவை வந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், திரை சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாகிறது, பிறகு ஒன்றுமே நடக்காதது போல மறைகிறது. தப்பு நடந்துவிட்டது என்றுகூடச் சொல்வதில்லை. போலீஸ்காரன்கூட அடித்துவிட்டு ஒரு காரணம் சொல்வான். மூன்றரை மணிக்கு ஷிஃப்ட் மாறும். ஆட்கள் வெளியே வருவார்கள். அதற்குள் நோட்டீஸ் அச்சாகிக் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்று பெயர் வாசிக்க முடியாது. இன்று வாசிக்காவிட்டால் நாளைக் காலை பேச்சுவார்த்தையில் அந்தப் பெயருக்காகவும் அவரே வாயைத் திறந்து பேச வேண்டியிருக்கும்.

பெயர் வாசிப்பது இந்தச் சங்கத்தின் வழக்கம். ஊரில் வேறெந்தச் சங்கத்திலும் கிடையாது, நஞ்சப்பன் கொண்டுவந்தது. துரோகம் செய்தவனை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்கு முன்னால் நிற்க வைத்து, இரண்டு பிரிவிலிருந்து இரண்டு சாட்சிகளை இரண்டு பக்கமும் நிறுத்தி, குற்றத்தை வாசித்து, கடைசியில் பெயரை வாசிப்பது. சாட்சிகள் "கேட்டோம்" என்று சொன்னதும் அவன் சங்கத்தில் இல்லை. அச்சில் ஏறாத பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதும் அவர் வைத்த விதிதான். ஒரு காலத்தில் கையெழுத்துப் பிரதியில் அவர் எழுதியது போலவே எழுதி நிர்வாகம் பொய் நோட்டீஸ் ஒட்டியது, அதிலிருந்து சங்கத் தலைப்போடு அச்சான காகிதம் இல்லாமல் எவன் பெயரும் சொல்லப்பட்டதில்லை. முதலில் வாசிக்கப்பட்டவன் வேலுமணி என்று ஒரு கிரேன் ஓட்டுநர். அன்று சாயங்காலம் பேக்கரியில் அவன் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எல்லோரும் எழுந்துகொண்டார்கள். டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, ஆடை கட்டும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். நஞ்சப்பன் எதிர்ப்பக்கம் நின்று அதைப் பார்த்தார். நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவரை நிற்க வைத்திருக்கிறார்கள். ஒருவன் உட்கார்ந்திருக்க, சுற்றி எல்லோரும் எழுந்துபோவது என்பது அவர் கையால் நடந்த ஒரே தண்டனை. பள்ளிக்கூடம் போகாதவர், கேட்டுக்கு வெளியே மிதிபட்டுக் கிடந்த நோட்டீஸ்களைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, 'முதலாளித்துவம்' என்ற சொல்லைப் படிக்கத் தெரிந்த பிறகுதான் தன் பெயரைப் படிக்கக் கற்றுக்கொண்டவர். அவருக்குத் தெரியும், அச்சில் ஏறினால் சொல்லுக்குப் பல் முளைக்கிறது. அந்தப் பல்லைத்தான் இந்தப் பெட்டி காலையிலிருந்து பிடுங்கிவைத்துக்கொண்டு தர மறுக்கிறது. வெளிக் கடையில் கொடுத்து அடிக்கலாமென்றால் பெயர் போட்ட நோட்டீஸை எந்தக் கடைக்காரனும் தொடமாட்டான். இதைச் சரிசெய்யத் தெரிந்தவன் சங்கத்தில் ஒருவன்தான். அவனுக்குத்தான் போன் செய்தார். வேறு வழியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செய்தார். அந்த நோட்டீஸில் இருப்பது அவன் பெயர்.

திருமூர்த்தி படியேறும்போதே சத்தம் போட்டுக்கொண்டுதான் வருவான். "ஏனுங் தோழர், மெஷினும் ஸ்டிரைக்கா? முன்னறிவிப்புக் குடுத்துச்சா, இல்ல சட்டவிரோதமா?" பேட்டர்ன் பிரிவில், இரும்பு வார்க்கிற அச்சுகளைக் கம்ப்யூட்டரில் வரைகிறவன், அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது, தன்னைப் போல வரைய கோயமுத்தூர் ஜில்லாவிலேயே ஆளில்லை என்று தன் வாயாலேயே சொல்வான். ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தான். சுர்ரென்று ஓர் எரிந்த மண்ணின் வாசம் அவனோடு வரும், எல்லோரோடும் வரும், வார்ப்படத் தொழிற்சாலைக்காரன் சட்டையை எத்தனை துவைத்தாலும் போகாது, இன்று வரவில்லை. இரண்டு மாதமாக அவன் வெளியே நிற்கிறான் என்பது நஞ்சப்பனுக்கு மூக்கில்தான் முதலில் தெரிந்தது. கதவடைப்பு முடிந்த பிறகு தற்காலிகமாக நீக்கியவர்களில் எட்டுப் பேரிடம் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஏழு பேரை உள்ளே விட்டது நிர்வாகம். இவனை மட்டும் விடவில்லை. கையெழுத்தும் போட்டாயிற்று, வேலையும் இல்லை. தற்காலிக நீக்கத்தில் நிற்கிற ஐந்து பேருக்காக நாளை சங்கம் பேசப்போகிறது. அந்த ஐந்தில் இவன் ஒருவன். இன்று பெயர் வாசித்துவிட்டால் நான்கு. செயற்குழுவில் எவனோ கேட்டான், எட்டுப் பேர் போட்டாங்களே, எட்டுப் பேரையும் வாசிக்கலாமே என்று. நஞ்சப்பன்தான் சொன்னார்: ஏழு பேர் உள்ளே இருக்கிறார்கள், அவர்கள் போனால் எதிர்ச் சங்கத்துக்குப் போவார்கள், ஒருத்தனைச் சொன்னால் போதும், ஏழு பேரும் ஒடுங்கிப்போவார்கள். நல்ல தந்திரம்தான். போராட்டம் என்பது பஜனை மடம் இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். இவனுக்கு யாரும் சொல்லவில்லை.

"ஓட்டுங்க பாக்கலாம்," என்றான் திருமூர்த்தி. நஞ்சப்பன் மவுஸை அழுத்தினார். முகப்புப் படம், ஓட்டம், வெள்ளை, ஒன்றுமில்லை. "சாஃப்ட்வேரை அழிச்சுப்போட்டு மறுக்காப் போட்டுப் பாத்தீங்களா?" பார்த்தார், கம்ப்யூட்டர் விற்ற கடைப் பையன் காலையில் போனில் சொன்னபடி. "வராது. மூணு வாட்டி போட்டாலும் வராது. செத்தவனைக் குளிப்பாட்டற மாதிரிதான்." எதையோ திறந்தான், வரிவரியாக ஆங்கிலம், சிவப்புக் குறிகள். "பாருங்க, காலையிலிருந்து நீங்க எத்தனை வாட்டி அழுத்துனீங்களோ அத்தனை வாட்டி செத்திருக்குது. ஒவ்வொரு வாட்டியும் யார் கொன்னாங்கன்னு மெஷினே சொல்லுது. இந்தா, இந்தப் பேரு. எல்லாத்துலயும் ஒரே பேரு." பெயர் என்ற சொல் காதில் விழுந்ததும் நஞ்சப்பன் திரைமேல் குனிந்தார். "யாரு பேரு?" என்றார், குரல் சற்று அதிகமாகவே போய்விட்டது. "கிராஃபிக்ஸ் டிரைவர் தோழர். திரையில படம் வரையற சில்லுக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவால நின்னு பேசற ஆளு. பழைய ஆளுக்கு உங்க சாஃப்ட்வேரோட பாஷை தெரியும். புது ஆளு வந்திருக்கான், அவனுக்குப் புரியல. இது 'வணக்கம்'னு சொல்லுது, அவன் குத்தறதுன்னு நெனச்சு விழுந்துடறான். ரெண்டும் ஒட்டுக்காச் சாகுது." சிரித்தான். அவன் சிரித்தால் தோள் குலுங்கும். நடுவில் நின்று பேசுகிற ஆள். நாற்பது வருடம் நடுவில் நின்று பேசியவர் நஞ்சப்பன், அவரை மாற்ற வேண்டும் என்று எவனும் சொன்னதில்லை, சொல்லவில்லை, சிரித்தார்கள், அவ்வளவுதான். சிரித்தார்கள். இதோ, நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். தள்ளினார். போகவில்லை. கேன்டீன், பஜ்ஜி, எண்ணெய் வழிகிற காகிதம். தள்ளினார்.

"மொதல்ல டிரைவர்தானான்னு உறுதி பண்ணிக்கலாம்," என்றான். "சேஃப் மோடுல எந்திரிக்க வெக்கறேன். அப்ப மெஷின் யாரையும் நம்பாது. கண்டிப்பா வேணுங்கற ஆளுகளை மட்டும் கூட வெச்சுட்டு எந்திரிக்கும். அதுல உங்க சாஃப்ட்வேர் ஓடுச்சுன்னா, குத்தவாளி டிரைவர்." திரை கறுத்தது. மின்விசிறி டிக் டிக்கென்று ஒரே இடத்தில் தட்டுகிறது, அந்தத் தட்டல் இத்தனை நாள் காதில் விழுந்ததில்லை. ஓடும், ஓடினால் இவன் எதையாவது திறந்து பார்ப்பான். எதைத் திறப்பான்? திரையில் மேலாக இருக்கும் கோப்பு இன்றைய நோட்டீஸ்தான். வேறெதையாவது திறடா என்று சொல்லலாம். மே தின நோட்டீஸைத் திற என்று சொல்லலாம். நாலு சொல். சொல்வதற்கு நேரம் நிறைய இருந்தது, எழுத்துகள் ஒன்றொன்றாக வந்தன, மெஷின் முனகியது, சொல்ல வாயைத் திறந்தார், திறந்தவர் எச்சிலை விழுங்கினார். பார்க்கட்டுமே என்று ஒரு நினைப்பு, குளிர்ந்த, சின்ன, பல் போன்ற ஒரு நினைப்பு. கேட்டில் பார்ப்பதற்கு முன்னால் இங்கே, பக்கத்தில், முகம் ஓர் அடி தூரத்தில் இருக்கும்போது பார்க்கட்டும். அப்போது தோள் குலுங்குகிறதா பார்க்கலாம். திரை ஊதிப் பெருத்து வந்தது. எல்லாம் இரண்டு பங்கு, மூன்று பங்கு பெரிதாக, சொரசொரப்பாக, கிழவனின் கண்ணுக்காகச் செய்தது போல. திருமூர்த்தி மேலாக இருந்ததை இரண்டு தட்டுத் தட்டினான். முகப்புப் படம். ஓட்டம். வெள்ளை வரவில்லை. "ஓடுது!" என்றான் சின்னப்பிள்ளை போல. பக்கம் திறந்தது. எழுத்து பெருத்துப்போன திரையில் முழுப் பக்கமும் அடங்கவில்லை. பக்கத்தின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது, அதிலும் ஒரு சொல்தான் தெரிந்தது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கன்னங்கரேலென்று: திருமூர்த்தி.

மின்விசிறி தட்டியது. கீழே பேக்கரியில் யாரோ பன் வெட்டுகிறார்கள், கத்தி பலகையில் படுகிற ஓசை. நஞ்சப்பன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை; பார்க்க வேண்டும் என்று காத்திருந்தவர், சமயம் வந்ததும் அவன் காதைப் பார்த்தார், காதுக்குப் பின்னால் வெட்டிய முடியைப் பார்த்தார், அங்கே ஒரு நரம்பு இருக்கிறது, அது ஏறி இறங்கியது. திருமூர்த்தி பக்கத்தை மெதுவாக மேலே உருட்டினான். தலைப்பு, சங்கத்தின் சுத்தியல் படம், 'தொழிலாளி வர்க்கத்தின் முதுகில் குத்திய', அடுத்த வரி, அடுத்த வரி. நன்றாக எழுதியிருந்தார். ஒரு சொல் மிகையில்லை. அவன் மறுபடி கீழே உருட்டித் தன் பெயருக்கு வந்தான். "இந்த எழுத்து எத்தனை பாயிண்ட்டு?" என்று கேட்டான். நஞ்சப்பன் திரையைப் பார்த்துச் சொன்னார்: "எழுபத்திரண்டு." "எழுபத்திரண்டா! எம்.டி. பேருக்கே நாப்பத்தெட்டுதான வெச்சீங்க, கதவடைப்பு நோட்டீஸ்ல?" தோள் குலுங்கியது. ஆனால் சத்தம் வரவில்லை. "நெம்பப் பெரிய ஆளாயிட்டேன் போல." பிறகு எழுந்து போய்விடுவான் என்று நஞ்சப்பன் நினைத்தார். ஹெல்மெட்டை எடுப்பான், எடுத்து எறிவான், திட்டுவான், மேஜையைப் புரட்டுவான். புரட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. அவன் நாற்காலியில் சாய்ந்து, "எட்டாவதாத்தான் போட்டேன். ஏழு பேரு போட்டதுக்கு அப்பறம், கூப்பிட்ட எட்டுல போடாதவன் நான் ஒருத்தன்தான் மிச்சம்னு சொன்னாங்க," என்றான், விளக்கமாக இல்லை, வானிலை சொல்வது போல. "சரி, போகுது. இந்த மோடுல பிரிண்ட் வராது சார். பிரிண்டருக்கு அனுப்பறவனும் தூங்கிட்டிருப்பான். டிரைவரை மாத்துனாத்தான் உங்களுக்கு நோட்டீஸ் கையில கெடைக்கும். மாத்தட்டுங்களா?"

சார். அந்தச் சொல் நஞ்சப்பனுக்குள் எங்கோ போய்ச் சிக்கியது, சட்டைப்பையில் மாட்டிய கம்பி போல. சார் என்பது எம்.டி. சார் என்பது டைம் ஆபீஸ் குமாஸ்தா. இருபது வயதில், இராக்கியண்ணன் மகன் என்று சொல்லி, இவனை முதல் நாள் சங்க அறைக்கு யாரோ கூட்டிவந்தபோது "வணக்கம் சார்" என்றான், அந்தச் சொல்லை இங்கே சொல்லாதே, இங்கே எவனும் சார் இல்லை என்று கன்னத்தில் செல்லமாகத் தட்டியவர் அவர்தான். வேண்டாம், விடு என்று இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் நோட்டீஸ் இல்லை, வாசிப்பு இல்லை, நாளை ஐந்து பேருக்காகவும் பேசலாம், ஐந்தாவது பெயரைச் சொல்லும்போது நிர்வாகத்தின் ஆள் சிரிப்பான், கையெழுத்துப் போட்டவனுக்கா பேசுகிறீர்கள் என்று. அது ஒரு காரணம். நல்ல காரணம். கட்டுரை எழுதலாம் அந்தக் காரணத்தை வைத்து. ஆனால் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே இருப்பது இப்போது முழங்கைக்கு அடங்கவில்லை, வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது: கதவடைப்பு முடிந்த வாரம், கேன்டீனில், இவன் பெஞ்சின்மேல் ஏறி நின்று நஞ்சப்பனின் குரலில், நஞ்சப்பனின் இழுப்பில், அந்த வலதுகை விரல் ஆட்டத்தோடு, "தோழர்களேஏஏ!" என்றான். வார்த்தைக்கு வார்த்தை அவரைப் போலவே. கடைசியில், "நம்ம தோழர் நோட்டீஸு பஜ்ஜி மடிக்க நெம்ப நல்லாயிருக்கும், எண்ணெயே கசியாது, அத்தனை கெட்டியான கருத்து!" என்றான். இருநூறு பேர் சிரித்தார்கள். மயிலாத்தாள்கூட, கோர் பிரிவின் மயிலாத்தாள், சங்கப் பொருளாளர், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நஞ்சப்பன் வாசலில் நின்றதை யாரும் பார்க்கவில்லை. அது எப்போது? கையெழுத்துக்கு முன்னாலா பின்னாலா? வரிசை முக்கியம். பின்னால் என்றால் ஒழுங்காக இருக்கும். முன்னால். பத்து நாள் முன்னால். அன்றிரவே அவர் மனதில் இந்த எழுத்து எழுபத்திரண்டு பாயிண்ட்டில் விழுந்துவிட்டது. குற்றம் பிறகு வந்து சேர்ந்துகொண்டது. இல்லை, அப்படியில்லை. முதலாவது, நாற்காலி. இரண்டாவது, மனு. "மாத்து," என்றார் நஞ்சப்பன்.

மாற்றினான். முதலில் சுவரிலிருந்து இண்டர்நெட் ஒயரைப் பிடுங்கினான். "இது இருந்தா நாம பழைய ஆளைக் கூப்பிட்டு உக்கார வெக்கறதுக்குள்ள மெஷின் புது ஆளை மறுக்காக் கூட்டியாந்துரும்." பிறகு எதையோ தேடி, புருவத்தைத் தூக்கினான். "புது டிரைவர் தானா வரல சார். நேத்துச் சாயங்காலம் யாரோ சம்மதம் குடுத்திருக்காங்க. ஒரு பெட்டி வந்திருக்கும், நீளமா வாசகம் இருக்கும், கீழ 'ஒத்துக்கறேன்'னு இருக்கும்." நேற்றுச் சாயங்காலம். பெட்டி வந்தது. வந்து நோட்டீஸின்மேல் குந்திக்கொண்டது, பெயருக்கு எழுத்தின் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரம், அதை விலக்க வேண்டும், அவசரம், ஆங்கிலம், எது அழுத்தினால் போகுமோ அதை அழுத்தினார். போய்விட்டது. ஒரு காகிதத்தையும் படிக்காமல் தொடாதவர், மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் கையெழுத்துக் கேட்ட நர்ஸை முழுப் பக்கமும் தமிழில் சொல்ல வைத்தவர். "யாருன்னு தெரியல," என்றார். திருமூர்த்தி திரும்பிப் பார்த்தான், முதல் தடவையாக நேராக, கண்ணுக்குள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று, ஒரு ரசனை இருந்தது. "படிக்காமக் கையெழுத்துப் போட்டா இப்படித்தான் சார், மெனக்கெட்டு எழுதுனதெல்லாம் ஒரு தட்டுல சாஞ்சுரும்," என்றான். "நான் படிச்சுட்டுத்தான் போட்டேன்." திரும்பிக்கொண்டான். புது டிரைவரை வேரோடு எடுக்கிறேன் என்றான். திரை ஒரு தரம் கண்ணடித்தது, கறுத்தது. கறுப்பிலேயே நின்றது.

கறுப்பில் நஞ்சப்பனின் முகம் தெரிந்தது, பின்னால் அவன் முகம். இப்போது செய்வான், என்று நினைத்தார். இப்போது எதையாவது அழிப்பான். அவன் கை எங்கே போகிறது, எதை அழுத்துகிறது, ஒன்றும் புரியாது அவருக்கு. நோட்டீஸையே அழித்துவிட்டு, போச்சுங்க, கெட்டுப்போச்சு என்று சொன்னாலும் அவரால் மறுக்க முடியாது. செய்யட்டும். செய்துவிட்டான் என்றால் எல்லாம் ஒழுங்காகிவிடும். துரோகி, கையும் களவுமாக. அப்போது வரிசையில் ஏழாவது வரும், மற்ற எல்லாவற்றையும் மூடும் அளவுக்குப் பெரிதாக வரும், முன்னால் பின்னால் என்ற கேள்வியே இருக்காது. செய்யடா என்று மனசுக்குள் கெஞ்சினார், கெஞ்சுகிறோம் என்று தெரிந்து வெட்கப்பட்டு, அதையும் அவன்மேலேயே சுமத்தினார். அவன் சட்டைப்பையிலிருந்து பழைய டிரைவர் இருந்த பென்டிரைவை எடுத்துச் செருகினான், விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். திரை வந்தது. சுருங்கி, தெளிந்து, பழைய அளவுக்கு. மவுஸைத் தட்டினான்: முகப்புப் படம், ஓட்டம். நோட்டீஸ் திறந்தது, முழுப் பக்கமும், தலைப்பிலிருந்து அடிவரை, அழகாக. இவன் ஏன் இப்படிச் செய்தான்? என்ன திமிர் இது? ஒருவனை அடிக்கக் கை ஓங்கும்போது அவன் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினால் அது பணிவா? அடிப்பவனை அசிங்கப்படுத்துவது அது. நஞ்சப்பனுக்கு அந்த நிமிடத்தில் அவன்மேல் வந்த வெறுப்பு சுத்தமானது, பஜ்ஜியும் இல்லை கையெழுத்தும் இல்லை, ஒரு காரணமும் தேவைப்படாத வெறுப்பு. "எத்தனை பிரதி?" என்று கேட்டான் திருமூர்த்தி. அவனே அடித்தான். பிரிண்டர் ஒவ்வொரு தாளாக நாக்கை நீட்டியது, சூடான தாளில் சூடான மை வாசம். அவன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மை கொஞ்சம் கொறச்சலா இருக்குது, ஆனா படிக்கலாம்," என்றான்.

மயிலாத்தாள் மேலே வந்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. அன்று அவளுக்கு ஷிஃப்ட் இல்லை. சாட்சி நிற்பதற்காகவே வந்திருந்தாள். வாசற்படியில் நின்று இருவரையும் பார்த்தாள், மேஜையில் இருந்த கட்டைப் பார்த்தாள். "ஏனுங் தோழர், இவனை வெச்சே அடிச்சீங்களா?" என்றாள். நஞ்சப்பன் தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டினார். "மெஷின் ஓடலை." "ஓடலைன்னா?" "வேற யாருக்குத் தெரியும்?" "அது சரி," என்றாள். "வெட்டறவனுக்கு அருவா தீட்டிக் குடுக்கறவன் இவனொருத்தன்தான் நம்ம சங்கத்துல." திருமூர்த்தி, "அக்கா, அருவா இல்லக்கா, டிரைவர்," என்றான். அவள் சிரிக்கவில்லை. "எட்டுப் பேரு போட்டாங்க. நோட்டீஸ்ல ஒரு பேருதான் இருக்குது. கமிட்டியில கேக்கோணும்னு நெனச்சேன், கேக்கல. எனக்கும் வாயிருந்துச்சு அன்னிக்கு." நஞ்சப்பன், "கேக்காதது கேக்காததுதான். கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குது," என்றார். குரல் நன்றாக வந்தது. திருமூர்த்தி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "நான் கேட்டுக்கு முன்னால போயி நிக்கறேன் சார். தேட வேண்டாம்," என்று இறங்கிப் போனான். படியில் சத்தம் போடாமல் போனான்.

சங்கு ஊதியது. கேட் திறந்ததும் எரிந்த மண்ணின் வாசம்தான் முதலில் வெளியே வந்தது, பிறகு ஆட்கள். நஞ்சப்பன் கேட்டுக்கு எதிரே கிடந்த கல்மேல் ஏறினார். இந்தப் பக்கம் மயிலாத்தாள், அந்தப் பக்கம், வார்த்ததைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங் பிரிவின் செவந்தியப்பன், நடுவே திருமூர்த்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. கூட்டம் அரைவட்டமாகக் கூடியது. கையெழுத்துப் போட்ட ஏழு பேரும் வந்திருந்தார்கள்; ஓடி ஒளியவில்லை, முன்வரிசையிலேயே நின்றார்கள், பின்னால் நின்றால் சந்தேகம் வரும் என்று. அவர்கள் முகத்தில் அவர் எதிர்பார்த்த ஒடுக்கம் இருந்தது, அதோடு அவர் எதிர்பார்க்காத ஒரு நிம்மதியும் இருந்தது, கறிக்கடையில் தன் முறை தாண்டிப்போன ஆட்டின் நிம்மதி. வாசித்தார். சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக, 'தொழிலாளி வர்க்கத்தின்' என்ற இடத்தில் குரல் ஏறியது, 'முதுகில்' என்ற இடத்தில் நின்றது, வருடக்கணக்காக வராத குரல், இழுப்போடு, வலதுகை விரல் தானாகவே எழுந்து ஆடியது, அது ஆடுவதை அவரே பார்த்தார், கேன்டீன் பெஞ்சின்மேல் நின்றவனும் இதைத்தான் ஆட்டினான், கூட்டத்தில் எவனாவது இப்போது சிரிப்பான் என்று உடம்பெல்லாம் காது வைத்துக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. யாருமே. திருமூர்த்திகூட. அவர் பெயரைச் சொன்னார். எழுபத்திரண்டு பாயிண்ட்டில் சொன்னார். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

"கேட்டோம்," என்றான் செவந்தியப்பன், தரையைப் பார்த்து.

மயிலாத்தாள் ஒன்றும் சொல்லவில்லை. நஞ்சப்பன் காத்திருந்தார். இரண்டு சாட்சியும் சொல்லாமல் வாசிப்பு முடியாது, அவர் எழுதிய விதி. "மயிலாத்தா," என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குக் கேக்கல தோழர். நீங்க கூட்டத்துக்குச் சொன்னீங்க. இவன் இங்க நிக்கறான். இவன் மூஞ்சியப் பாத்து மறுக்காப் படிங்க. பேரை மட்டும்." கூட்டத்தில் ஒரு அசைவு ஓடி அடங்கியது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் தாளைப் பார்த்தார். அதில் இருந்த பெயர் கண்ணுக்கு அருகே வெறும் கறுப்புக் கோடுகளாக இருந்தது. தாளை இறக்கினார். அவன் நின்றிருந்தான், அவர் தட்டிய அந்தக் கன்னத்தோடு, கண்ணை விலக்காமல். விரல் ஆடவில்லை. இழுப்பு வரவில்லை. வரிசையில் எத்தனாவது என்று தெரியவில்லை. தெருவில் போகிற ஒருவனைக் கூப்பிடும் அளவுக்குத்தான் குரல் இருந்தது. சாட்சிகள் இருவரும் கேட்க, ஏழு பேரும் கேட்க, சொன்னார்:

"பேட்டர்ன் பிரிவு. இராக்கியண்ணன் மகன் திருமூர்த்தி."